அணுவை அளக்கும் மரக்கால்

(ஏலாக்குறிச்சிக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இம்மாதிரிக் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுகிற விஷயம் அல்ல. ரசாயன சாஸ்திரம் படித்தவர்கள் ஒரு பொருளைத் தராசில் நிறுத்துவிட்டு, "இதற்குள் இத்தனை அணுக்கள் இருக்கின்றன" என்று எண்ணிக்கை சொல்லுகிறார்களே, அது எப்படி என்பதுதான் விஷயம். இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் நாற்று நடப் போகிறவனுக்கும் சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கும் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால், அப்படிக் கேட்பதை நாம் குற்றம் சொல்லமாட்டோம். பிரயோஜனம் இல்லாவிட்டால் எழுந்து போய்விட வேண்டியதுதான். ஆனால் பேச்சு முடிகிறவரை கேட்டுவிட்டு அந்தத் தீர்ப்பைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. நாம் போகிற ஊர்களில் எல்லாம் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கப்படுகின்றது. "கண்ணால் காணாததை நம்பாதே என்று சொல்லுகிறீர்களே, நீங்கள் அணுவைக் கண்டீர்களா? அணு உண்டு என்று யாரோ வெள்ளைக்காரன் சொன்னான், நீங்கள் நம்புகிறீர்கள். மோட்சம் உண்டு என்று எங்கள் பெரியவர் சொன்னார், நாங்கள் நம்புகிறோம். உங்கள் நம்பிக்கைக்கும் எங்கள் நம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம்?" என்பது அந்தக் கேள்வி. கேள்வி கெட்டிக்காரத்தனமானதுதான். கேட்டவர்மீது கோபித்துக்கொண்டு பயனில்லை. வித்தியாசம் இருந்தால் அதை எடுத்துக் காட்ட வேண்டியது நம்முடைய கடமை. அதைத்தான் இப்போது செய்யப்போகிறோம்.

எண்ணிக்கை என்பது எளிய காரியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்த ஊருக்கு அது நன்றாய்த் தெரியும். ஏனென்றால் இங்கே மாதா கோயிலை ஏற்படுத்திய வீரமாமுனிவர்தான் பரமார்த்த குரு கதையையும் எழுதினவர். குருவும் சீடர் ஐந்து பேருமாக ஆறு பேர் ஆற்றைக் கடந்து கரையேறினார்கள். எண்ணிப் பார்த்தபோது ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஓவென்று அழுதார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணினான் என்பதைத் தவிர வேறு ஒரு நஷ்டமும் அங்கே ஏற்படவில்லை. ஆறு பேரை எண்ணுவதிலேயே இத்தனை சங்கடம் வருமானால், கண்ணுக்கே தெரியாத அணுக்களை எண்ணுவது எப்படி?

தோழர்களே! எண்ணுவதற்கு நம் ஜனங்களிடத்திலேயே பல வழிகள் இருக்கின்றன. வாழைப்பழத்தை டஜன் கணக்கில் எண்ணுகிறோம். வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் எண்ணுகிறோம். கவுளிக்கு ஓர் ஊரில் நூறு வெற்றிலை, மற்றோர் ஊரில் எண்பது வெற்றிலை என்று மாறுகின்றது. நெல்லை எண்ணுவார் யாரும் இல்லை. அது அத்தனை சிறியது, அத்தனை அதிகம். ஆகவே நெல்லை மரக்காலால் அளக்கிறோம் அல்லது தராசில் நிறுக்கிறோம். சிறியதாயும் அதிகமாயும் உள்ள பொருளை எடையால் எண்ணுவது என்பதே இங்கே தந்திரம்.

ஒரு புளியங்கொட்டை பதினாறு உளுந்தின் எடை உள்ளது என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் புளியங்கொட்டையும் ஒரே எடை, எல்லா உளுந்தும் ஒரே எடை என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு பையில் ஒரு கிலோ உளுந்தும் இன்னொரு பையில் பதினாறு கிலோ புளியங்கொட்டையும் இருந்தால், இரண்டிலும் எண்ணிக்கை சமமாய் இருக்குமா, இராதா? ஒன்றைக்கூட எண்ணாமலே, "இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான்" என்று ஒரு சிறு பையன்கூடச் சத்தியம் செய்யலாம். எத்தனை என்று அவனுக்குத் தெரியாது. சமம் என்று மட்டும் தெரியும். ரசாயனக்காரர்கள் முதலில் செய்ததும் இவ்வளவுதான்.

ஆனால் ஓர் அணு இன்னோர் அணுவைவிட எத்தனை பங்கு கனம் என்பது எப்படித் தெரிந்தது? இங்கிலாந்து தேசத்தில் டால்டன் என்னும் பள்ளிக்கூட வாத்தியார், 1803ஆம் வருஷம் முதற்கொண்டு, ஒவ்வொரு மூலப்பொருளின் அணுவுக்கும் ஓர் எடை உண்டு என்று எழுதிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் கணக்கில் சில பிழைகள் இருந்தன. தண்ணீரில் ஹைட்ரஜன் அணு ஒன்றும் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் இருப்பதாக அவர் நினைத்துவிட்டார். பிறகு 1811ஆம் வருஷம், இத்தாலி தேசத்தில் டூரின் பட்டணத்தைச் சேர்ந்த அவகாட்ரோ என்பவர் ஒரு கருத்தை வெளியிட்டார். இவர் முதலில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். பிற்பாடுதான் பௌதிக சாஸ்திரத்துக்கு வந்தவர். ஒரே சூடும் ஒரே அழுத்தமும் உள்ள நிலையில், சம அளவுள்ள எந்த இரண்டு வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமமாகவே இருக்கும் என்பதே அவர் சொன்னது. மூலக்கூறு என்பது இரண்டு மூன்று அணுக்களோ அதற்கு மேலோ சேர்ந்து பிரியாமல் நிற்கும் ஒரு கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது உண்மையானால் காரியம் மிகச் சுலபமாகிவிடுகின்றது. ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களில் ஒன்றில் ஹைட்ரஜன் வாயுவையும் ஒன்றில் ஆக்ஸிஜன் வாயுவையும் அடைத்துத் தராசில் வைத்தால், ஆக்ஸிஜன் பதினாறு பங்கு கனமாக இருக்கின்றது. எண்ணிக்கை சமம் என்றால், ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறைப்போல் பதினாறு பங்கு கனம் என்பது தானாக ஏற்படவில்லையா? இப்படியாக ஹைட்ரஜன் அணு 1, கரி அணு 12, ஆக்ஸிஜன் அணு 16, சுண்ணாம்பில் உள்ள கால்சியம் அணு 40 என்று ஏறக்குறைய ஒரு ஜாபிதா ஏற்பட்டது.

அவகாட்ரோ சொன்னதை அக்காலத்துப் பெரிய மனிதர்கள் ஏறக்குறைய ஐம்பது வருஷம் லட்சியம் செய்யவில்லை. அவர் 1856ஆம் வருஷம் இறந்துபோனார். 1860ஆம் வருஷம் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ என்னும் ஊரில் ரசாயனக்காரர்கள் மகாநாடு கூடியபோது, கன்னிஸாரோ என்ற மற்றோர் இத்தாலியர் அந்தக் கருத்தை எடுத்துச் சொல்லி, அதன்படி கணக்குப் போட்டால் எல்லாக் குழப்பமும் தீர்கின்றது என்று எடுத்துக் காட்டினார். பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. இதில் நாம் கவனிக்க வேண்டியது என்னவென்றால், டால்டன் பெரியவர் என்பதற்காக அவர் பிழையை யாரும் காப்பாற்றவில்லை. அவகாட்ரோ கவனிக்கப்படாதவர் என்பதற்காக அவர் சொன்ன உண்மை செத்துப்போகவும் இல்லை.

இனி மரக்காலுக்கு வருவோம். எந்த மூலப்பொருளானாலும் அதன் அணு எடை என்னவோ அத்தனை கிராம் நிறுத்து எடுத்துக்கொண்டால், எல்லாவற்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். கரியானால் 12 கிராம். கால்சியமானால் 40 கிராம். தண்ணீரின் மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்ததானதால் 2ம் 16ம் சேர்த்து 18 கிராம். இந்த அளவுக்கு ரசாயனக்காரர்கள் மோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டஜன் என்றால் 12 என்பதுபோல், மோல் என்றாலும் ஓர் எண்ணிக்கைதான். எண்ணிக்கை எவ்வளவு என்றால், 602க்குப் பக்கத்தில் கோடி கோடி கோடி என்று மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றரைத் தேக்கரண்டித் தண்ணீரில் இத்தனை மூலக்கூறுகள். உலகத்தில் உள்ள 800 கோடி ஜனங்களும் தூக்கம் சாப்பாடு இல்லாமல், ஆளுக்கு ஒரு வினாடிக்கு ஒன்று வீதம் பங்குபோட்டு எண்ணினாலும், இந்த மூன்றரைக் கரண்டியை எண்ணி முடிக்க சுமார் 24 லட்சம் வருஷம் ஆகும். ஆனால் தராசு உள்ள மளிகைக் கடைக்காரர் ஒரு நிமிஷத்தில் எண்ணிவிடுகிறார்.

"602 கோடி கோடி கோடி என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? எங்கள் புராணத்தில்கூட அறுபதினாயிரம் வருஷம், ஆயிரம் யுகம் என்று எண்கள் வருகின்றனவே" என்று கேட்பீர்களானால், வித்தியாசம் இங்கேதான் இருக்கின்றது. புராணத்து எண்ணை இன்னொருவன் வேறு வழியில் கண்டுபிடித்து ஒத்துப்பார்க்க வழியில்லை. இந்த எண்ணை அப்படி ஒத்துப்பார்த்திருக்கிறார்கள். 1865ஆம் வருஷம் லோஷ்மிட் என்பவர் காற்றின் மூலக்கூறு எவ்வளவு பெரியது என்று முதன்முதலில் உத்தேசமாகக் கணக்கிட்டார். 1908ஆம் வருஷம் முதற்கொண்டு பாரிசில் பெரின் என்பவர், ஒருவித மரப்பிசினில் செய்த மஞ்சள் வர்ணத்தைத் தண்ணீரில் கலக்கி, அந்தத் துகள்கள் எந்த உயரத்தில் எத்தனை மிதக்கின்றன என்று பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாய் எண்ணி, அதிலிருந்து இந்த எண்ணைக் கண்டுபிடித்தார். அது இன்றைய எண்ணைவிடக் கொஞ்சம் அதிகமாய் இருந்தது. அமெரிக்காவில் மில்லிகன் என்பவர் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு ஓர் எலக்ட்ரானின் மின்சார அளவைக் கண்டுபிடித்தார். ஒரு மோல் வெள்ளியைப் படியவைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பது முன்னமே தெரியும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அதே எண் வருகின்றது.

ஒருவர் மரப்பிசினைக் கொண்டு எண்ணினார். ஒருவர் எண்ணெய்த் துளியைக் கொண்டு எண்ணினார். வேறு சிலர் ஆகாயம் ஏன் நீலமாய் இருக்கின்றது என்பதிலிருந்து எண்ணினார்கள். இப்படிப் பத்துக்கு மேற்பட்ட வழிகள். ஒரு திருட்டு வழக்கில், ஒருவரை ஒருவர் அறியாத பத்து சாட்சிகள் பத்து ஊரிலிருந்து வந்து ஒரே விதமாகச் சாட்சி சொன்னால் எந்த நீதிபதி தள்ளிவிடுவார்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மோல் என்னும் பெயரை 1890களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்ட்வால்டு என்ற ஜெர்மன் பண்டிதர். அவரே அணு என்று ஒன்று இருப்பதை நம்பாதவர். அணு என்பது கணக்குக்குச் சௌகரியமான ஒரு கற்பனை என்று வாதாடி வந்தவர். பெரின் முதலியவர்களுடைய சோதனைகளைப் பார்த்த பிறகு, 1909 வாக்கில், அணு இருக்கின்றது என்பதற்கு இப்போது அத்தாட்சி கிடைத்துவிட்டது என்று தமது புத்தகத்திலேயே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அவரை யாரும் நரகத்துக்கு அனுப்பவில்லை. அந்த 1909ஆம் வருஷத்திலேயே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நம்பாதவனைத் தண்டிக்காமல் அத்தாட்சியைக் காட்டி ஒப்புக்கொள்ளச் செய்வது ஒரு முறை. நம்பாதவனுக்கு எண்ணெய்க் கொப்பரையைக் காட்டுவது மற்றொரு முறை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நம்மைக் கேள்வி கேட்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, 2019ஆம் வருஷம் மே மாதம் 20ஆம் தேதி முதல், உலக தேசங்கள் எல்லாம் கூடிச் செய்த தீர்மானப்படி, ஒரு மோல் என்பது 602,214,076 என்று எழுதி அதற்குப் பிறகு பதினைந்து சுன்னம் போட்ட எண்ணிக்கை என்று நிச்சயிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் சுமார் ஒரு கிலோ எடையுள்ள சிலிக்கன் உருண்டை ஒன்றைச் செய்து, அதில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் இடைவெளியை அளந்து, மொத்தம் எத்தனை அணுக்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். அணுக்களின் உருவத்தைக் காட்டும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. என்றாலும் கண்ணால் காண்பதற்கு வெகுகாலம் முன்பே தராசால் எண்ணிவிட்டார்கள் என்பதே முக்கியம்.

சரி, நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இந்த அரியலூர்ச் சீமை சுண்ணாம்புக்கல் பூமி. ஒரு காலத்தில் இது கடலாய் இருந்த இடம். அந்தக் கடலில் வாழ்ந்த ஜீவன்களின் ஓடுகள் இன்றும் சுரங்கங்களில் கல்லாய்ப் போய்க் கிடைக்கின்றன. இந்தக் கல்லை நம்பித்தான் இங்கே அரசாங்க சிமெண்டு ஆலையும் தனியார் சிமெண்டு ஆலைகளும் நடக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் கால்சியம் அணு ஒன்று, கரி அணு ஒன்று, ஆக்ஸிஜன் அணு மூன்று. 40ம் 12ம் 48ம் சேர்த்தால் சரியாக 100. இதைக் காளவாயில் இட்டுச் சுட்டால் கரி அணு ஒன்றும் ஆக்ஸிஜன் அணு இரண்டும் கரியமில வாயுவாகப் பறந்துபோகின்றன. அதன் எடை 44. மிச்சம் நிற்கும் சுட்ட சுண்ணாம்பு 56. அதாவது சுத்தமான கல் ஆயிரம் கிலோ போட்டால் 560 கிலோதான் வெளியே வரும். 440 கிலோ புகையோடு போய்விடும்.

இந்தக் கணக்குத் தெரியாத ஒரு காளவாய் முதலாளியை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் கிலோ கல்லைக் கொடுத்தோம், 560 கிலோதான் வந்தது, மிச்சம் 440 கிலோவைச் சூளைக்காரன் விற்றுத் தின்றுவிட்டான் என்று அவர் கூலியில் பிடித்தால், அந்தக் கூலிக்காரன் எந்தச் சாமியிடம் போய் முறையிடுவான்? கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் நாற்பத்துநான்கு பங்கு திரும்பி வருமா? அவனைக் காப்பாற்றக்கூடியது இந்தக் கணக்கு ஒன்றுதான். அதேபோல, ஆயிரம் கிலோ கல்லிலிருந்து 700 கிலோ சுட்ட சுண்ணாம்பு எடுத்தேன் என்று ஒரு வியாபாரி சொன்னால், ஒன்று கல் முழுவதும் வேகவில்லை, அல்லது அதில் மண் கலந்திருக்கின்றது என்று வீடு கட்டுகிறவன் தெரிந்துகொள்ளலாம்.

கணக்கு இதோடு முடியவில்லை. சுட்ட சுண்ணாம்பு 56 கிலோவை நீற்றினால் 18 கிலோ தண்ணீரைத் தனக்குள் வாங்கிக்கொண்டு 74 கிலோ ஆகின்றது. வெற்றிலைக்குத் தடவுவதும் சுவருக்கு அடிப்பதும் இதுதான். சுவரில் அடித்த பிறகு, அது காற்றிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, 18 கிலோ தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மறுபடியும் 100 கிலோ சுண்ணாம்புக்கல்லாகவே ஆகிவிடுகின்றது. வெள்ளையடித்த சுவர் நாளாக நாளாக இறுகுவதற்குக் காரணம் இதுதான். போனதும் வந்ததும் ஓர் அணுகூடக் குறையாமல் நேராகின்றது. இந்த உலகத்தில் இதைவிட யோக்கியமான கணக்குப்பிள்ளை யாரும் இல்லை.

அடுத்தபடியாகக் குடியானவன் வயலுக்கு வாங்கும் உரத்தை எடுத்துக்கொள்வோம். நமக்குத் தெற்கே கொள்ளிடம் ஓடுகின்றது. அதன் கரை நெடுகிலும் நெல் போடுகிறவர்களுக்கு யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் தெரியாத பொருள்கள் அல்ல. இரண்டிலும் பயிருக்கு வேண்டியது நைட்ரஜன் என்னும் தழைச்சத்துத்தான். யூரியாவின் ஒரு மூலக்கூறில் நைட்ரஜன் அணு இரண்டு. அம்மோனியம் சல்பேட்டின் ஒரு கூறிலும் நைட்ரஜன் அணு இரண்டே. ஆனால் யூரியா மூலக்கூறின் எடை 60. அம்மோனியம் சல்பேட்டின் எடை 132. ஆகவே தழைச்சத்து மாத்திரத்தில் 60 கிலோ யூரியாவும் 132 கிலோ அம்மோனியம் சல்பேட்டும் சமம். பின்னதில் கந்தகச் சத்தும் இருக்கின்றது என்பது வேறு விஷயம், அது வேண்டிய மண்ணுக்கு அது வேண்டும். யூரியா மூட்டையில் 46 என்று அச்சடித்திருப்பதும் அம்மோனியம் சல்பேட்டு மூட்டையில் 20க்குச் சற்று மேல் போட்டிருப்பதும் இந்தக் கணக்குத்தான். மூட்டை விலையைப் பார்த்து வாங்குகிறவன் மூட்டையைத்தான் வாங்குகிறான். உள்ளே இருக்கும் சத்தைக் கணக்குப் பார்த்து வாங்குகிறவன்தான் உரத்தை வாங்குகிறான்.

முன் காலத்தில் குத்தகை நெல் வாங்குவதற்குப் பெரிய மரக்கால், கூலி நெல் கொடுப்பதற்குச் சின்ன மரக்கால் என்று இரண்டு மரக்கால் வைத்திருந்த மிராசுதார்கள் உண்டு. ஆளுக்குத் தக்கபடி அளவு மாறுவதுதான் அடிமைத்தனத்தின் அடையாளம். ரசாயனக்காரனுடைய மரக்காலில் அந்தச் சூது இல்லை. வாங்கினாலும் கொடுத்தாலும், எசமானன் கையில் இருந்தாலும் பண்ணையாள் கையில் இருந்தாலும், 12 கிராம் கரியில் ஒரே எண்ணிக்கைதான்.

இந்த மரக்காலைக் கொண்டு இன்னும் ஒன்றை அளந்து பார்த்துவிட்டு நம் பேச்சை முடித்துக்கொள்வோம். அது தண்ணீர்.

1927ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 20ஆம் தேதி, அப்போதைய பம்பாய் மாகாணத்தில் மகாட் என்னும் ஊரில், சவுதார் குளத்துக்கு டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான ஜனங்களோடு போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அது பொதுக்குளம். ஆடு மாடு குடிக்கலாம். ஆனால் இவர்கள் குடித்ததால் குளம் தீட்டாகிவிட்டது என்று சொல்லி, மேல்ஜாதிக்காரர் என்பவர்கள் பஞ்சகவ்வியத்தைக் குடம் குடமாக ஊற்றி, மந்திரம் சொல்லி, குளத்தைச் "சுத்தம்" செய்தார்கள். வழக்கு வருஷக் கணக்காக நடந்து, 1937ஆம் வருஷம் பம்பாய் ஹைக்கோர்ட்டில் அம்பேத்கர் பக்கம் ஜெயித்தது. 1950 முதல் அமுலில் உள்ள அரசியல் சட்டம் 17ஆம் பிரிவில் தீண்டாமையை ஒழித்துவிட்டது. அப்படியிருந்தும் டீக்கடையில் ஆளுக்கொரு குவளை என்கிற புகார் நம் நாட்டில் அற்றுப்போய்விடவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் 180 கிராம் என்று வைத்துக்கொண்டால் அது பத்து மோல். அதாவது 6,022 கோடி கோடி கோடி மூலக்கூறுகள். உலகத்துச் சமுத்திரங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 133 கோடி கன கிலோமீட்டர் தண்ணீர். இதை டம்ளர் டம்ளராக மொண்டால் எத்தனை டம்ளர் வரும்? ஏறக்குறைய ஏழரைக் கோடி கோடி கோடி டம்ளர் வரும். ஆகவே ஒரு டம்ளர் தண்ணீரைச் சமுத்திரத்தில் ஊற்றி, அது எங்கும் ஒரே சீராய்க் கலந்த பிறகு, எந்த மூலையில் ஒரு டம்ளர் மொண்டாலும் முதல் டம்ளரில் இருந்ததில் சுமார் 800 மூலக்கூறுகள் அதில் இருக்கும். தண்ணீருக்குள் ஹைட்ரஜன் அணுக்கள் அடிக்கடி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொள்ளுமானதால், ஆக்ஸிஜன் அணுவை அடையாளமாக வைத்து எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கு அதேதான். ஒரு டம்ளரில் உள்ள மூலக்கூறுகள், சமுத்திரத்தில் உள்ள டம்ளர்களைவிட எண்ணூறு பங்கு அதிகம் என்பதே இதற்குக் காரணம்.

சமுத்திரம் ஒரே சீராய்க் கலக்கப் பல நூறு வருஷமோ ஆயிரம் வருஷமோ செல்லும். ஆனால் மனிதன் இந்த நாட்டில் பல ஆயிரம் வருஷமாய் வாழ்ந்து வருகிறான். மூவாயிரம் வருஷத்துக்கு முன் இருந்த ஒரு மனிதன் ஒரு நாளில் குடித்து வெளிவிட்ட தண்ணீர் ஆற்றுக்குப் போய், சமுத்திரத்துக்குப் போய், மேகமாகி, மழையாகி, இன்றைக்கு நம் டம்ளரில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளாக வந்து உட்கார்ந்திருக்கின்றது. அவன் தோல் தைத்தவனா, மந்திரம் ஓதினவனா, ராஜாவா, தோட்டியா என்று அந்த மூலக்கூறு சொல்லுவதில்லை. சொல்லத்தக்க இடமும் அதில் இல்லை. இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்ஸிஜன், அவ்வளவுதான். யார் கை பட்டாலும் 18 கிராமில் 2 கிராம் ஹைட்ரஜன், 16 கிராம் ஆக்ஸிஜன். தீட்டு என்பதற்கு இந்தத் தராசில் எடை இல்லை.

அசுத்தம் என்பது வேறு. சாக்கடை கலந்த தண்ணீரிலும் கிருமி உள்ள தண்ணீரிலும் ஆபத்து உண்டு. அதைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கிருமி பூணூல் போட்டவர் கையிலிருந்து வந்தாலும் போடாதவர் கையிலிருந்து வந்தாலும் ஒரே கிருமிதான். பஞ்சகவ்வியம் ஊற்றினால் அது அதிகமாகுமே ஒழியக் குறையாது.

தனக்கென்று ஒரு குவளை தனியே வேண்டும் என்கிறவன் பரமார்த்த குருவின் சீடனுக்குச் சொந்தக்காரன். மற்றவர்கள் குடித்த தண்ணீரையெல்லாம் எண்ணுகிறான். தான் குடிக்கும் தண்ணீரும் அதே தண்ணீர்தான் என்பதை மட்டும் எண்ணாமல் விட்டுவிடுகிறான். ஆற்றங்கரையில் அந்தச் சீடன் செய்த தப்பால் ஒருவருக்கும் கெடுதி இல்லை, நாம் சிரித்துவிட்டுப் போனோம். இவன் செய்கிற தப்பால் ஒரு சமூகமே கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்றது என்பதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதில் ஒன்றையும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. நம்மைக் கேள்வி கேட்டவருக்கும் இதுவே நம் பதில். எடை பார்க்கிற தராசு ஒன்றும் ஒரு வாணலியும் இருந்தால் இன்று இரவே சோதித்துப் பார்க்கலாம். ஆப்ப சோடா 168 கிராம் நிறுத்து எடுங்கள். அது இரண்டு மோல். வாணலியில் போட்டு நன்றாய்ச் சூடேற, அடிக்கடி கிளறி, எடை இனிமேல் குறையவில்லை என்கிறவரை வறுத்து, ஆறினதும் நிறுத்துப் பாருங்கள். 18 கிராம் நீராவியாகவும் 44 கிராம் கரியமில வாயுவாகவும் போய், சுமார் 106 கிராம் மிச்சம் நிற்க வேண்டும். மிச்சம் நிற்பது சலவைச் சோடா. அதைப் பலகாரத்துக்குப் போட்டுவிடாமல் துணி வெளுக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏலாக்குறிச்சியில் செய்தாலும் லண்டனில் செய்தாலும் 106தான். மாதா கோயிலுக்குப் போகிறவர் செய்தாலும், மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் செய்தாலும், ஒரு கோயிலுக்கும் போகாத நாம் செய்தாலும் 106தான். வராவிட்டால் சோடாவில் கலப்படமா, வறுத்தது போதவில்லையா, தராசு சரியில்லையா என்று பார்த்து, அதற்கும் பிறகு வராவிட்டால் நம்மை வந்து கேளுங்கள்.

அப்படிக் கேட்கிற தைரியத்தை உங்கள் பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் சமமாய்க் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் மோல் கணக்கு வரும்போது, பரீட்சைக்காக நெட்டுருப் போடாமல், தராசைத் தொட்டுப் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள். அளக்கத் தெரிந்தவனை எந்த மரக்காலும் ஏமாற்ற முடியாது.